தளபதி உறங்கிய வீடு

கரிடோஹோரியில் பிறந்த ஒருவர்கூட வரலாற்றில் இடம்பெறவில்லை என்றால் அது ஊரின் குறை அல்ல, வரலாற்றின் குறை. அந்தக் குறையைத் திருத்தத்தான் ஊரில் வரலாறு மற்றும் மரபுக் காப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. மலைக்கு அந்தப் பக்கத்து மெசோராஹிக்காரர்கள் ஏற்கெனவே தங்கள் வீரனுக்கு வெண்கலச் சிலை வைத்துவிட்டார்கள். அந்தச் சிலை வாளை நீட்டிக் காட்டும் திசையில் கரிடோஹோரியின் குப்பைமேடு இருக்கிறது. இதைத் தற்செயல் என்று நம்புகிற அளவுக்கு நல்ல மனது எங்கள் மலையில் யாருக்கும் கிடையாது.

சங்கத்தின் தலைவர் எபமினோண்டாஸ், உயர்நிலைப்பள்ளியில் இலக்கணம் நடத்தி ஓய்வுபெற்றவர். காபிக் கடையில் நாற்காலியை இழுத்துப் போடுவதைக்கூட ஒரு நூற்றாண்டின் முடிவைப்போலச் செய்வார். பொருளாளர் மருந்துக்கடை சோதிரியா. ஆன்மிக ஆலோசகர் பாதிரியார் லெஃப்தேரிஸ். மழை பெய்தால் காபிக் கடைக்குள் ஒதுங்குகிறவர்கள் எல்லாம் சாதாரண உறுப்பினர்கள். ஆர்கிரிஸ் மட்டும் வெயிலடித்தாலும் வருகிற உறுப்பினர்.

ஆர்கிரிஸ் முப்பது வருடம் ஊருக்கும் நகரத்துக்கும் இடையே பஸ் ஓட்டினவர். அந்த முப்பது வருடத்தில் ஊர்க்காரர்கள் அவரிடம் பேசியதை எல்லாம் திரட்டினால் இரண்டு வாக்கியம் தேறும். "பின்கதவத் திறப்பா" என்பது ஒன்று. "இங்கயே நிறுத்து, இங்கயே" என்பது மற்றொன்று. சங்கத்தில்தான் முதன்முதலாக அவரைப் பார்த்து "உங்கள் கருத்து?" என்று கேட்டார்கள். கருத்து என்று அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் கேட்டது பிடித்திருந்தது.

அங்கே எந்தத் தீர்மானமும் ஏகமனதாகத்தான் நிறைவேறும். பெரும்பான்மை என்பது நகரத்துக்காரர்களின் வியாதி என்பது தலைவரின் கொள்கை. அவர் "ஆதரிப்பவர்கள்?" என்று கேட்டு வாயை மூடுவதற்குள் ஆர்கிரிஸின் வலது கை மேலே போயிருக்கும். கியர் போட்டுப் பழகிய கை அது. தலைக்குத் தகவல் சொல்லிவிட்டு வேலை செய்கிற வழக்கம் அதற்கு இல்லை.

ஒரு மாசி மாதம் தலைவர் ஒரு பழைய புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். துருக்கியரை எதிர்த்த கிரேக்கச் சுதந்திரப் போரில் தளபதி ஸ்குர்டாஸுடன் அலைந்த எழுத்தர் ஒருவர் எழுதி வைத்த நாட்குறிப்பு. அதில் எங்கள் ஊரைப் பற்றி மூன்று வாக்கியம் இருந்தது. "கரிடோஹோரியில் ஓர் இரவு தங்கினோம். மழை. மூட்டைப்பூச்சி."

தலைவர் முதல் வாக்கியத்தை எழுந்து நின்று வாசித்தார். அத்துடன் புத்தகத்தை மூடிவிட்டார். மற்ற இரண்டும் வரலாற்றுக்கு அவசியமற்றவை என்று தெரிந்துகொள்ளத்தானே மனிதன் இலக்கணம் படிக்கிறான்?

அடுத்த கேள்வி, தங்கியது எந்த வீட்டில். அந்தக் காலத்து வீடுகள் ஊரில் இரண்டுதான் மிஞ்சியிருந்தன. ஒன்றில் பன்றிகள் இருந்தன. மற்றொன்றில் தலைவரோடு வாய்க்கால் தண்ணீருக்காகச் சண்டை போட்டுப் பேச்சை விட்ட குடும்பம் இருந்தது. இரண்டில் பன்றிகளே பரவாயில்லை என்று தலைவர் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்ததாகச் சொல்வார்கள். கடைசியில் ஆர்கிரிஸின் வீடு தேறியது. மாதா கோயிலிலிருந்து சமதளமான பாதை. விழாவுக்கு வரப்போகும் பேராயருக்கு முழங்கால் வலி. வாசலில் பிளேன் மரத்து நிழல். எதிரிலேயே உணவு விடுதி. விழா முடிந்தால் ஆட்டுக்கறிக்கு அலைய வேண்டாம். இப்படி ஒரு வீட்டைத் தளபதி தேர்ந்தெடுக்காமல் விட்டிருந்தால் அவருடைய போர்த்திறமையையே சந்தேகிக்க வேண்டியிருக்கும்.

சின்னத் தடங்கல் ஒன்று இருந்தது. அந்த வீட்டைக் கட்டியவர் ஆர்கிரிஸின் தாத்தா. சிகாகோவில் பல வருடம் எச்சில் தட்டு கழுவிச் சம்பாதித்து, ஊர் திரும்பிக் கட்டினார். கட்டிய பெருமையில் வாசல் நிலைக்கு மேலே கல்லில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் 1927 என்ற வருடத்தையும் பெரிதாகச் செதுக்கி வைத்தார். தளபதி அதற்கு ஏறக்குறைய நூறு வருடம் முன்பே செத்துப்போனவர்.

"தலைவரே, நிலைக்கு மேல வருஷம் இருக்கே" என்றார் ஆர்கிரிஸ், காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும், ஆர்கிரி. அதனாலதான் பளிங்குப் பலகைய சரியா அந்த இடத்துல வைக்கிறோம்."

"ஜனங்களுக்குத் தெரியுமே?"

"ஜனங்களுக்கு என்ன தெரியணும்னு சொல்றதுக்குத்தானப்பா சங்கம் வச்சிருக்கோம்? இன்னையிலேருந்து நீ வெறும் ஆர்கிரி இல்ல. தளபதி வீட்டுக் காவலர். எழுதிக்குங்க சோதிரியா, காவலர்! ஆதரிப்பவர்கள்?"

கை மேலே போனது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது மனைவி மெட்டாக்ஸியா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"யோவ் ஆர்கிரி, உங்க தாத்தா தட்டு கழுவிக் கட்டின வீடு. அவரு பொறக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தன் இதுல எப்படிய்யா தூங்கினான்? ஆகாசத்துலயா?"

"அது வரலாறுடி. உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியல சரி. தாத்தாவுக்காவது புரியுமா?"

பலகை ஏறியது. அழகான வெள்ளைப் பளிங்கு. நான்கு திருகாணி. தாத்தாவின் பெயரையும் வருடத்தையும் ஒரு மயிரிழைகூட வெளியே தெரியாமல் அது மூடிக்கொண்டது. "சுதந்திரத்துக்காக விழித்திருந்த தளபதி ஸ்குர்டாஸ் இங்கே கண்ணயர்ந்தார்" என்று அதில் பொன்னெழுத்து. மாதாவின் பண்டிகைக்கு மறுநாள், வெளிநாட்டிலும் ஏதென்ஸிலும் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் ஊருக்கு வந்திருக்கும் சமயம் பார்த்து ஆகஸ்டில் திறப்பு விழா வைத்தார்கள். வாத்தியக்குழு வந்தது. பேராயர் வந்தார். தளபதியின் ஆன்மாவுக்காக அவித்த கோதுமையைத் தட்டில் குவித்து, மேலே சர்க்கரைத் தூள் பரப்பி, வெள்ளிப் பொட்டு மிட்டாயால் பெயரெழுத்துப் பதித்துக் கொண்டுவரும் பொறுப்பு காவலர் மனைவிக்கு. மெட்டாக்ஸியா கொண்டுவந்தாள். அதில் பதித்திருந்தது தளபதியின் எழுத்து அல்ல, தாத்தாவின் எழுத்து. பாதிரியார் லெஃப்தேரிஸ் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு தளபதியின் பெயரைச் சொல்லி மந்திரித்தார். கோதுமை நன்றாக இருந்ததென்று பேராயர் இரண்டாம் தரம் வாங்கினார்.

அந்த ஒரு நாள் ஆர்கிரிஸ் மனிதராக இருந்தார். புதிய கோட்டு. வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் படுக்கையறையைக் காட்டினார். "இங்கதான். இந்த ஜன்னல் பக்கம் தலை." மூன்றாவது கூட்டத்துக்குக் காட்டும்போது தளபதி எந்தப் பக்கம் புரண்டு படுத்தார் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டது அதற்கடுத்த வருடம். விழாவின் வெற்றியில் தலைவருக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டை அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க வேண்டும் என்று நகரத்து அலுவலகத்துக்கு எழுதினார். உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்றார்கள். உரிமையாளர் சம்மதித்தார். முப்பது வருடம் பின்கதவு திறந்த மனிதனின் வீட்டை அரசாங்கம் பாதுகாக்கிறேன் என்கிறது, யார்தான் வேண்டாமென்பார்கள்? அரசாங்கமும் சொன்ன சொல் தவறவில்லை. எல்லாரிடமிருந்தும் அந்த வீட்டைப் பாதுகாத்தது. முக்கியமாக ஆர்கிரிஸிடமிருந்து.

அந்தக் குளிர்காலத்துப் பனியில் கூரையின் முகட்டு உத்திரம் விரிசல் விட்டது. ஓடுகள் சரிந்தன. பனி உருக ஆரம்பித்ததும் தண்ணீர் படுக்கையின் மேலேயே சொட்டியது. ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுத்த மெட்டாக்ஸியாவின் நெற்றியில் முதல் சொட்டு விழுந்தது.

"உன் தளபதி ஒண்ணுக்குப் போறாரு போல" என்றாள் இருட்டில்.

காலையில் கொத்தனார் ஆக்ரோன் வந்தார். அல்பேனியாவிலிருந்து வந்து, எங்கள் ஊர்ச் சுவர்கள் இன்னும் நிற்பதற்குக் காரணமாக இருப்பவர். ஏறிப் பார்த்தார், இறங்கினார். "உத்திரத்த மாத்தணும் அண்ணே. வெயில் காலம் முடியறதுக்குள்ள பண்ணிடலாம். இன்னொரு பனி தாங்காது."

ஏணியைச் சாத்தி முதல் ஓட்டைக் கழற்றியதுதான் தாமதம். மருந்துக்கடை ஜன்னலிலிருந்து அந்தக் கூரை நன்றாகத் தெரியும். சோதிரியா கடைக்கோட்டோடு ஓடிவந்தார். பின்னாலேயே தலைவர்.

"இறங்குய்யா! நீ காலை வச்சிருக்கறது என்னன்னு தெரியுமா? தேசத்தோட தலை!"

"ஓட்டுல வச்சிருக்கேன் ஐயா" என்றார் ஆக்ரோன்.

"தலைவரே, ஒழுகுது" என்றார் ஆர்கிரிஸ்.

"ஒழுகட்டும்! தளபதி படுத்தப்ப ஒழுகல?"

நாட்குறிப்பின் இரண்டாவது வாக்கியம் தலைவருக்கு அவசியப்பட்டது அன்று ஒருநாள்தான்.

நகரத்து அலுவலகத்திலிருந்து ஒரு இளம் அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர், மண் ஒட்டாத காலணி. வீட்டைச் சுற்றி வந்து படம் எடுத்தார். கூரையில் இருப்பது பிரெஞ்சு மாதிரி ஓடு, பிற்காலத்தில் புகுந்தது, எனவே அதே ஓட்டை மறுபடி போட அனுமதி கிடையாது என்றார். தளபதி காலத்தில் கல்பலகைக் கூரை. அதைத்தான் போட வேண்டும். கல்பலகையைச் சுமக்க இந்தச் சுவர் தாங்காது. எனவே அதற்கும் அனுமதி கிடையாது. முதலில் ஆய்வு நடக்க வேண்டும். ஆய்வு செய்ய ஆளை நியமிக்க வேண்டும். அதுவரை எதையும் தொடக்கூடாது.

"இந்த வீடே பிற்காலத்துலதான் புகுந்துச்சு சார்" என்றாள் மெட்டாக்ஸியா. "அந்தப் பலகையக் கழட்டிப் பாருங்க, கீழ வருஷம் இருக்கு."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். வருத்தமாகத் தலையசைத்தார். "பலகை முகப்போட பகுதி, அம்மா. அதையும் தொட முடியாது."

வீட்டுக்கு ஒரு வழிதான் மிச்சம். வீடு வெறும் வீடுதான் என்று சங்கமே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அறிவிப்பு ரத்தாகும், ஆக்ரோன் ஏணியைச் சாத்தலாம். மெட்டாக்ஸியா வெயில் காலம் முழுவதும் இதைச் சொல்லிச் சொல்லி ஆர்கிரிஸைத் தயார் செய்தாள். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒத்திகை.

"எழுந்து நிக்கணும். என்ன சொல்லணும்?"

"வீடு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழுல எங்க தாத்தா கட்டினது."

"அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்த பேசாத. நீ பேசினா கெட்டுடும்."

"அவங்க ஏதாவது கேட்டா?"

"திரும்ப அதையே சொல்லு. பஸ்ஸுல 'டிக்கெட் எடுங்க'ன்னு எத்தன தடவ சொல்லியிருக்க? அப்படி."

அறுவடை முடிந்த பிறகு பொதுக்கூட்டம் நடந்தது. வெளியே மழை, ஆகவே உறுப்பினர்கள் நிறையப் பேர். மெட்டாக்ஸியா பின்னால் காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உறுப்பினர்களின் மனைவிமார்களுக்கு உரிய இடத்தைச் சங்கம் எப்போதும் மறுத்ததில்லை. ஆர்கிரிஸ் எழுந்தார். காது சிவந்திருந்தது.

"வீடு… ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழுல எங்க தாத்தா கட்டினது."

காபிக் கடையில் தாயம் உருட்டுகிற சத்தம்கூட நின்றுபோனது. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை யாராவது சத்தமாகச் சொல்லிவிட்டால் உண்டாகும் அருவருப்பான அமைதி அது.

"தாத்தாவ நான் பாத்திருக்கேன்" என்றார் மூலையிலிருந்த ஒரு கிழவர். "கல்லு சுமக்க எங்கப்பா போனாரு. அவருக்குக் கூலிகூட—"

"நினைவு என்பது சான்று அல்ல" என்றார் தலைவர்.

"மெசோராஹிக்காரனுக்கு இது தெரிஞ்சா?" என்றார் சோதிரியா. அது போதுமானதாக இருந்தது. நாற்காலிகள் முனகின.

தலைவர் எழுந்தார். குரலைத் தாழ்த்தினார், அது அவருடைய மிகவும் ஆபத்தான குரல். "நண்பர்களே, நம்ம காவலர் களைச்சுப் போயிருக்காரு. கூரை ஒழுகுது, தூக்கம் இல்ல. தூக்கமில்லாத மனுஷன் என்ன வேணா சொல்லுவான். நாம அவரத் தப்பா நினைக்கக்கூடாது. இது ஒரு வரலாற்றுச் சங்கம். சந்தேகம் வந்துட்டா அத ஜனநாயக முறைப்படி தீர்க்கணும். வீடு சுதந்திரப் போருக்கு முன்னாடி கட்டப்பட்டதுன்னு சங்கம் உறுதி செய்யுது. ஆதரிப்பவர்கள்?"

கைகள் எழுந்தன. மழைக்கு ஒதுங்கியவர்களின் கைகள். கல் சுமந்தவரின் மகனுடைய கை. பாதிரியாரின் கை, பாதியளவு, ஆசீர்வதிப்பதுபோலவும் எடுத்துக்கொள்ளலாம். தலைவர் கண்ணால் எண்ணிக்கொண்டே வந்து ஆர்கிரிஸிடம் நின்றார். முகம் மலர்ந்தது.

"ஏகமனதாக!"

ஆர்கிரிஸ் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய வலது கை மேலே இருந்தது.

மெட்டாக்ஸியா காபிப் பாத்திரத்தை மேசையில் வைத்தாள். சத்தமே இல்லாமல் வைத்தாள். சத்தமாக வைத்திருந்தால் ஆர்கிரிஸுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

வீட்டுக்குப் போகிற வழியில் குடையை அவள்தான் பிடித்திருந்தாள், அவள் தலைக்கு மட்டும்.

"அது தானா போச்சு மெட்டாக்ஸியா. சத்தியமா. நான் தூக்கல."

"தெரியும்யா. நீ எதையுமே தூக்கினதில்ல. முப்பது வருஷம் நீதான் பஸ்ஸ ஓட்டறேன்னு நெனச்சேன். அந்தக் கைதான் ஓட்டியிருக்கு."

மறுநாள் காலை அவர் ஓட்டிய அதே பஸ்ஸில், வேறொருவன் ஓட்ட, கலமாத்தாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு பெட்டி, கோதுமை அவிக்கிற பெரிய பாத்திரம், அவ்வளவுதான் எடுத்துக்கொண்டாள். ஏறும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "கூரை போட்டுட்டுக் கூப்பிடு."

கூரை அதன் பங்குக்குக் காத்திருந்தது. தை மாதம், ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து எல்லாரும் காபிக் கடையில் இருந்த பொழுதில், பனியின் கனம் தாங்காமல் இறங்கியது. ஆர்கிரிஸ் அப்போது சங்கத்தின் நாள்காட்டிக்கு எந்தப் படம் போடலாம் என்ற விவாதத்தில் இருந்தார். சத்தம் கேட்டு ஓடினார்கள். கூரை படுக்கையறைக்குள் படுத்திருந்தது, ஜன்னல் பக்கம் தலை. பின்சுவரும் பக்கச் சுவர்களும் அதன்மேல் சாய்ந்திருந்தன. முன்சுவர் மட்டும் கதவோடு நின்றது.

அந்த அதிர்ச்சியில் பலகையின் மூன்று திருகாணிகள் பிடுங்கிக்கொண்டிருந்தன. மிச்சமிருந்த ஒன்றில் பளிங்கு தலைகீழாகத் தொங்கியது. நிலைக்கு மேலே கல்லில், பனித்தூள் அப்பிய பள்ளங்களில், தாத்தாவின் எழுத்துகள். 1927. ஊரே பார்த்தது.

ஆர்கிரிஸ் தலைவரைத் திரும்பிப் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக எதற்கோ காத்திருக்கிற பார்வை. வீடு போனால் போகிறது. தாத்தா கட்டியதில்லையென்று இனி யாரும் சொல்ல முடியாதே.

தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் படித்தார். நான்கு இலக்கத்தை ஒரு மனிதன் அவ்வளவு நேரம் படித்து நான் கேள்விப்பட்டதில்லை. பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"புதுப்பித்த ஆண்டு!" என்றார், தழுதழுத்த குரலில். "பாருங்கப்பா. நூறு வருஷம் கழிச்சும் அந்தக் குடும்பம் தளபதி வீட்டப் புதுப்பிச்சிருக்கு. ஆர்கிரி, உங்க தாத்தாதான்யா சங்கத்தோட முதல் உறுப்பினர்!"

யாரோ கைதட்டினார்கள். சோதிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆக்ரோனைக் கூப்பிட்டுப் பலகையை மறுபடி பழைய இடத்தில் முடுக்கச் சொன்னார்கள். இந்தமுறை எட்டுத் திருகாணி. நகரத்து அலுவலகமும் ஆச்சரியப்படத்தக்க வேகத்தில் அனுமதி தந்து, முன்சுவருக்கு இரும்பு முட்டு அனுப்பிவைத்தது. கூரை பற்றிய ஆய்வு, கூரை இல்லாததால் முடித்துவைக்கப்பட்டது.

ஆர்கிரிஸுக்குச் சங்கத்தின் பொருட்கிடங்கில் இடம் கொடுத்தார்கள். ஊர்வல உடைகள், மரக் கத்திகள், ஒரு கட்டில். காவலர் பதவி தொடர்ந்தது. தினமும் காலையில் போய், பூட்டியிருக்கிற கதவைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, திரும்பவும் பூட்டிவிட்டு வருவார். பக்கச் சுவர் இல்லாததால் ஆடுகள் வேறு வழியாக வந்து போயின. அவர் மட்டும் கதவு வழியாகத்தான் போவார்.

ஆகஸ்டு வந்தது. விழாவுக்கு முந்தின நாள் கலமாத்தாவுக்குப் போன் போட்டார்.

"நாளைக்குத் தளபதி நாள். கோதுமை அவிக்க ஆள் இல்ல. வரியா?"

"கூரை இருக்கா?"

"சுவர் இருக்கு."

"அப்ப சுவரையே கோதுமை அவிக்கச் சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

கோதுமையை இனிப்புக்கடையில் வாங்கினார்கள். கடைக்காரர் சரியான எழுத்துகளைப் பதித்துக் கொடுத்தார், தளபதியினுடையவை. தாத்தாவுக்காக வருடம் ஒருமுறை வெந்துகொண்டிருந்த கோதுமையும் அத்துடன் நின்றது.

வாத்தியக்குழு வாசித்தது. பேராயர் வந்தார், முழங்காலைத் தடவிக்கொண்டே. வீட்டுக்கு உள்ளே காட்ட ஒன்றும் இல்லாததால் விழா சீக்கிரம் முடிந்தது. அது நல்ல முன்னேற்றம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். காவலர் தன் புதிய கோட்டில் நின்று, தலைவர் எழுதிக்கொடுத்ததை வாசித்தார். "என் முன்னோர் இந்தக் கூரையின் கீழ் தளபதியை வரவேற்றபோது…" கூரை என்ற சொல்லில் ஒரு கணம் நின்றார். வார்த்தையை மாற்றப் போகிறாரோ என்று முன்வரிசையில் சிலர் நிமிர்ந்தார்கள். மாற்றவில்லை. வாசித்து முடித்தார். மாலை வைத்தார்.

தலைவர் ஒலிபெருக்கியை வாங்கினார். அடுத்த ஆண்டு இதே இடத்தில் தளபதிக்கு மார்பளவுச் சிலை வைக்கலாம், மெசோராஹியுடையதைவிட ஒரு முழம் உயரமாக. "ஆதரிப்பவர்கள்?"

அப்போது மலையிலிருந்து மழை இறங்கியது. ஆகஸ்டு மழை, முன்னறிவிப்பு இல்லாமல் கொட்டும். கை தூக்கியவர்கள் தூக்கிய கையோடு எதிரே உணவு விடுதிக்கு ஓடினார்கள். பேராயரைத் தாங்கிப் பிடித்து ஓட்டினார்கள். வாத்தியக்காரர்கள் பெரிய குழலைக் கவிழ்த்துத் தலையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

ஆர்கிரிஸும் ஓடினார். அவருடைய கை சட்டைப் பைக்குள் போனது, சாவியை எடுத்தது, பூட்டில் நுழைத்தது, கதவைத் திறந்தது. மழை பெய்தால் மனிதன் தன் வீட்டுக்குள் போகிறான்; கை அதைத் தலையிடம் கேட்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வானம் அப்படியே அவர்மேல் இறங்கியது. புதிய கோட்டு கனத்தது. இடிந்த ஓடுகளின் மேல் நின்றபடி மேலே பார்த்தார். பிறகு, எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்ததும், ஜன்னல் பக்கத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். ஜன்னல் பக்கம்தான் முதலில் சொட்டும்.

எதிரே உணவு விடுதி மேசைகளிலிருந்து யாரோ கத்தினார்கள். "ஆர்கிரி! யோவ்! உள்ள நனையற, இங்க வாய்யா! கறி ஆறுது!"

"விடுங்கப்பா" என்றார் எபமினோண்டாஸ், கைக்குட்டையைக் கழுத்தில் செருகிக்கொண்டு. "காவலர் கடமையில இருக்காரு. எழுதிக்கிட்டீங்களா சோதிரியா? சிலைத் தீர்மானம், ஏகமனதாக."